மரக்கூட்டத்துக்குள் விழுந்த மானை வெளியே கொண்டுவருதல்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

தென்சென்னையில், கிண்டி தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்தின் பராமரிப்புப் பிரிவில் நான் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர்தான். அதை ஒட்டிய வளாகங்களின் மரக்கூட்டங்களிலும் புல்வெளிகளிலும் புள்ளிமான்களும் ஒருசில இடங்களில் வெளிமான்களும் வாழ்கின்றன. ஆகவே குழாய்க் கசிவுக்கும் மின்தடைக்கும் வரும் அழைப்புகளுக்கு நடுவே, “சார், மான் ஒன்னு விழுந்து கெடக்குது” என்ற அழைப்பும் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதறுவதை விட்டுவிட்டு, பார்த்தவற்றையும் கால்நடை மருத்துவர்களும் வனத்துறையினரும் சொல்லித் தந்தவற்றையும் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

உரிமம் பெற்று வேட்டையாடும் நாடுகளில், சுட்ட மானைக் காட்டிலிருந்து வெளியே இழுத்து வருவதற்கென்றே பழகிய முறைகள் உள்ளன. இங்கே வேட்டை குற்றம். ஆனால் எடையும் முள்ளும் ஈர மண்ணும் அவர்களுக்கு எப்படியோ அப்படித்தான் நமக்கும். அவர்கள் செத்த மானைக் கொண்டுவருகிறார்கள்; நாம் பெரும்பாலும் உயிருள்ள மானைக் கொண்டுவர வேண்டியிருப்பதால் நம் வேலை கூடுதல் கவனத்தைக் கேட்கிறது.

## எந்த அறிகுறியானாலும் தொடுவதற்கு முன்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டு விலங்கைப் பிடிப்பதும் விரட்டுவதும்கூட வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். எனவே முதல் அழைப்பு வனத்துறைக்குத்தான். கிண்டி வனச்சரக அலுவலகத்தின் எண் காவலர் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்; ஒருவருடைய கைப்பேசியில் மட்டும் இருக்கும் எண், அவர் விடுப்பில் இருக்கும் நாளில் பயன்படாது. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அவர்கள் வந்து சேரும்வரை செய்ய வேண்டியவை, அல்லது அவர்கள் தொலைபேசியில் அனுமதித்த பிறகு செய்ய வேண்டியவை.

அழைக்கும்போது ஆறு செய்திகளைச் சொல்லுங்கள்: இடம், ஆணா பெண்ணா குட்டியா, நிற்கிறதா படுத்திருக்கிறதா, மூச்சு எப்படி உள்ளது, இரத்தம் தெரிகிறதா, வண்டி வரக்கூடிய தார்ச்சாலையிலிருந்து எத்தனை அடி தூரம். கடைசிச் செய்தியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கூண்டு வண்டி வருமா, நாலு ஆள் வர வேண்டுமா என்பதை வனத்துறையினர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அடுத்து, ஆட்களை விலக்குங்கள். முப்பது அடி போதாது, நூறு அடி தள்ளியாவது நிற்கச் சொல்லுங்கள். கைப்பேசி வெளிச்சம் வேண்டாம். வளாகத்து நாய்களைத் தடுக்க ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். இன்னொருவர் மானைப் பார்க்காமல் வழியைப் பார்க்க வேண்டும். மான் கிடக்கும் இடத்திலிருந்து சாலைவரை நடந்து, சீமைக்கருவேல முள்ளை ஒதுக்கி, பனங்கருக்கை அகற்றி, நாலு பேர் பக்கவாட்டில் நடக்கும் அகலத்துக்கு வழியைச் சீர்செய்து வைப்பது அவருடைய வேலை. நாங்கள் இழந்த மான்களில் சில, தூக்கிய பிறகு வழி தேடி நின்ற நேரத்தில்தான் இறந்தன.

எங்கள் கிடங்கில் இதற்கென்றே ஒரு கோணிச்சாக்கில் கட்டி வைத்திருப்பவை: எட்டுக்கு ஆறு அடியில் தடித்த தார்ப்பாய், பழைய பருத்திக் கைலிகள் இரண்டு, தோல் கையுறை நாலு இணை, ரப்பர் கையுறைகள், கட்டிங் பிளேயர், முனை மழுங்கிய கத்தரிக்கோல், உறுதியான மூங்கில் கழிகள் இரண்டு, சணல் கயிறு, பிளீச்சிங் பவுடர். இவற்றில் எதுவும் விலை அதிகமில்லை. தேவைப்படும் நேரத்தில் தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது.

## அறிகுறி 1: வலையிலோ கம்பியிலோ சிக்கித் திமிறுகிறது

### காலில் மட்டும் சுற்றியிருந்தால்

பெரும்பாலும் பழைய நைலான் கயிறோ தோட்டத்துப் பச்சை நிழல்வலையோதான் காரணம். சுற்று தளர்வாக இருந்து மான் நின்றுகொண்டிருந்தால், எல்லோரும் மறைவாக விலகி இருபது நிமிடம் காத்திருப்பதே முதல் சிகிச்சை. பாதி மான்கள் தாமாகவே உதறிவிட்டுப் போய்விடும். போன பிறகு வலையை அகற்றுங்கள். அதே வலையில் அடுத்த வாரம் இன்னொன்று சிக்கும்.

### கொம்பில் சுற்றியிருந்தால்

விளையாட்டுத் திடல்களில் இரவில் கழற்றாமல் விடும் வலைகளே இதற்குக் காரணம். வளர்ந்த ஆண் புள்ளிமான் 70 கிலோவுக்கு மேல் இருக்கும். கொம்பு ஒரு முழத்துக்கும் அதிகமாக நீண்டிருக்கும். அது தலையை ஒருமுறை வீசினால் பக்கத்தில் நிற்பவர் வயிறு கிழியும்.

ஒரு டிசம்பர் இரவில், கைப்பந்து வலையில் கொம்பு சிக்கிய ஆண் மான் ஒன்று கம்பத்தையே பிடுங்கி இழுத்துக்கொண்டு புதருக்குள் போயிருந்தது. வனக்காவலர் வந்ததும் முதலில் செய்தது, எங்கள் டார்ச்சுகளை அணைக்கச் சொன்னதுதான். பிறகு பின்புறமாக, முதுகுப் பக்கத்திலிருந்து குனிந்து போய், எங்கள் இரவுக் காவலரின் தோளில் கிடந்த துண்டை வாங்கி மானின் கண்கள்மேல் போட்டார். “அண்ணே, பேசாதீங்க, மூச்சுகூட மெதுவா விடுங்க” என்று அவர் காதோரம் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. கண் மறைந்த கணத்தில் மானின் விலா ஏறி இறங்கிய வேகம் குறைந்ததை நான் கைக்கெட்டும் தூரத்திலிருந்து பார்த்தேன். அதன் பிறகுதான் வலையை வெட்டினார். அதுவும் கொம்பை ஒட்டி வெட்டவில்லை. முதலில் கம்பத்தோடு இணைந்த கயிற்றை அறுத்து இழுவிசையை நீக்கிவிட்டு, பிறகு கொம்பில் சுற்றியதை இழை இழையாக எடுத்தார்.

அந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கண், அடுத்து இழுவிசை, கடைசியில் சிக்கல். கொம்பு தோல் உரியாமல், பஞ்சுபோல் மென்மையாக இருந்தால் அதைப் பிடித்து மானை நிறுத்தவே கூடாது. அதற்குள் இரத்தம் ஓடுகிறது. உடைந்தால் நிற்காமல் கசியும்.

### எப்போது தொழில்முறையினரிடம் விட வேண்டும்

கொம்புள்ள மானாக இருந்தால் எப்போதும். கம்பி சதைக்குள் இறங்கியிருந்தாலும், முள்கம்பி வேலியில் வயிறு மாட்டியிருந்தாலும் நீங்கள் வெட்ட வேண்டாம். கம்பியே காயத்தை அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். மயக்க ஊசி போடுவது கால்நடை மருத்துவரின் வேலை.

## அறிகுறி 2: படுத்த இடத்தைவிட்டு எழவில்லை, காயமும் தெரியவில்லை

பத்தடி தூரத்தில் நின்று இரண்டு நிமிடம் பாருங்கள். காது அசைகிறதா, அசைபோடுகிறதா, உங்களைத் திரும்பிப் பார்க்கிறதா? இவை மூன்றும் இருந்தால் அது வெயிலுக்கு ஓய்வெடுக்கும் மானாகவே இருக்கலாம். கத்திரி வெயில் நாட்களில் இத்தகைய அழைப்புகள் நிறைய வரும். ஓய்வெடுக்கும் மான் நீங்கள் நெருங்கினால் எழும். எழாமல் கழுத்தை மட்டும் நீட்டினால் அடுத்த படிக்குப் போங்கள்.

### வாய் திறந்து மூச்சு வாங்கினால்

வெப்பமோ விரட்டலோ காரணம். நாய் துரத்தியதையோ மாணவர்கள் படம் எடுக்கச் சூழ்ந்துகொண்டதையோ யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். விரட்டப்பட்ட மானின் தசைகள் உள்ளுக்குள்ளேயே சிதையத் தொடங்கும். அப்போது தப்பி ஓடினாலும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ விழுந்து இறந்துபோகும். கால்கள் விறைப்பதும் சிறுநீர் கருஞ்சிவப்பாக, கடுங்காப்பி நிறத்தில் வருவதும் அதன் அடையாளங்கள். இந்த நிலையில் மானைத் தூக்குவதே அதைக் கொல்லும். நிழல் அமைத்துக் கொடுங்கள். மேலே தார்ப்பாயைக் கட்டலாம். அருகில் சத்தமின்றிப் போக முடிந்தால், தொடையிடுக்கிலும் கால்களிலும் குளிர்ந்த குழாய்நீரைச் சொரியலாம். தலையில் ஊற்ற வேண்டாம்.

வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். இதைத்தான் நல்ல மனம் படைத்தவர்கள் முதலில் செய்கிறார்கள். பாட்டிலைச் சாய்த்ததும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி, காப்பாற்றப்பட்ட மான் மூன்றாம் நாள் நிமோனியாவில் இறந்துபோகும். ஒரு அகன்ற பாத்திரத்தில் நீர் வைத்துவிட்டு விலகுவதே சரி.

### இடப்பக்க வயிறு பானைபோல் உப்பியிருந்தால்

பிளாஸ்டிக் காரணமாக இருக்கலாம். உணவகக் குப்பையிலும் விழா முடிந்த திடலிலும் உப்பு ஒட்டிய பைகளை மான்கள் விழுங்கிவிடுகின்றன. அவை உள்ளே பந்தாகத் திரண்டுவிட்டால் வெளியே வராது. ஒரே பக்கமாக வெகுநேரம் படுத்துக் கிடப்பதாலும் வயிறு உப்பும். முதலாவதை அறுவைச் சிகிச்சையாளர்தான் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு, வனத்துறையினர் அனுமதித்தால், மானை மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்து, இருபுறமும் மணல்மூட்டையோ சுருட்டிய சாக்கோ அண்டை கொடுத்தால் காற்று ஏப்பமாக வெளியேறும்.

### வயிறு பெரிதாக, பின்புறம் ஈரமாக இருந்தால்

பெண் மான் ஈன்றுகொண்டிருக்கலாம். விலகிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழிந்தும் குட்டியின் கால் வெளியே தெரிந்த நிலையிலேயே நின்றுவிட்டால் மருத்துவரை அழையுங்கள். நீங்கள் இழுக்காதீர்கள்.

## அறிகுறி 3: நாய் கடித்த மான்

நாய்கள் பெரும்பாலும் பின்தொடையைத்தான் கடிக்கும். வெளியே நாலு பல் ஓட்டைகள் மட்டும் தெரியும். உள்ளே தசை கிழிந்திருக்கும். காயம் சிறிதாக இருக்கிறதே என்று மானை விட்டுவிட்டால் இரண்டு நாளில் புழு வைத்துவிடும்.

மானைவிட உங்களைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டிய அறிகுறி இது ஒன்றுதான். ரேபிஸ் மானுக்கும் வரும். ரப்பர் கையுறைக்கு மேல் தோல் கையுறை அணியாமல் வாய்ப்பக்கம் போகாதீர்கள். கையிலுள்ள சிராய்ப்பில் எச்சில் பட்டுவிட்டால், ஓடும் குழாய்நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்குங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட இதில் இடமில்லை.

இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடிக்கலாம். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்; மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் செலவிட வேண்டியிருக்கும். மானைக் கடித்த நாய்களைப் பற்றி மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து வையுங்கள். அதே கூட்டம் அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

## அறிகுறி 4: வடிகாலிலோ கிணற்றிலோ விழுந்துவிட்டது

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மூடியில்லாத மழைநீர் வடிகால்களில் இது நடக்கிறது.

நீர் முழங்கால் அளவுக்குள் இருந்து, வடிகாலின் ஏதாவது ஒரு முனை திறந்திருந்தால், அந்த முனையில் மண்மூட்டைகளைப் படியாக அடுக்கிவிட்டு எல்லோரும் எதிர் முனைக்குப் போய் நின்றால் போதும். வெளிச்சம் தெரியும் பக்கமாக மான் தானே ஏறிப் போகும். அவசரத்தில் பலகையைச் சாய்த்து வைத்தால் குளம்பு வழுக்கும். பலகைமேல் கோணிச்சாக்கை ஆணி அடித்துப் பொருத்துங்கள்.

நீர் ஆழமாக இருந்து மான் நீந்திக்கொண்டிருந்தால், அது களைக்க அதிக நேரம் ஆகாது. 101-க்கு அழையுங்கள். தீயணைப்புத் துறையினரிடம் ஏணியும் கயிறும் மிதவையும் உண்டு. அவர்கள் வரும்வரை ஒரு மரக்கட்டையையோ காற்று நிரப்பிய டயர் டியூபையோ உள்ளே இறக்கினால் மான் முன்னங்காலைப் போட்டு இளைப்பாற இடம் கிடைக்கும். கழுத்தில் சுருக்குக் கயிறு போடாதீர்கள். கிணற்றுக்குள் யாரும் இறங்காதீர்கள். பழைய கிணறுகளில் காற்றே சரியிருக்காது.

## அறிகுறி 5: குட்டி தனியாகக் கிடக்கிறது

எடுக்காதீர்கள். பிறந்த முதல் வாரங்களில் தாய் குட்டியைப் புல்லுக்குள் மறைத்துவிட்டு மேயப் போவது இயல்பு. ஆறேழு மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். உடம்பில் எறும்பு மொய்த்திருந்தாலோ, விடாமல் கத்திக்கொண்டிருந்தாலோ, பக்கத்தில் தாய் இறந்து கிடந்தாலோ மட்டும் வனத்துறையை அழையுங்கள். பசும்பால் புகட்டக் கூடாது.

## அறிகுறி 6: தூக்கிய பிறகு வழியில் நிலை மோசமாகிறது

இந்தப் பகுதியை நான் அதிகமாக எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கால் முறிந்த பெண் மான் ஒன்றை, சரியான அனுமதியோடும் சரியான ஆட்களோடும் தூக்கி, அரை கிலோமீட்டர் தூரம் கொண்டு வந்து வண்டியில் ஏற்றினோம். எல்லாம் நன்றாக நடந்ததாகவே நினைத்தோம். வண்டியில் அது பக்கவாட்டில் படுத்திருந்தது. சுற்றி ஆறு பேர் பேசிக்கொண்டே வந்தோம். கண்கட்டு நழுவியதை யாரும் கவனிக்கவில்லை. வாயிற்கதவைத் தாண்டும் முன்பே இறந்துவிட்டது. உடற்கூராய்வு செய்த மருத்துவர் மூச்சுக்குழாயில் இருந்த பச்சைப் புல்கூழை எங்களுக்குக் காட்டினார். முறிந்த காலால் அது சாகவில்லை. நாங்கள் படுக்க வைத்த விதத்தால் செத்தது.

### வாயிலிருந்து பச்சை நீர் வழிந்தால்

மான் பக்கவாட்டில் கிடக்கிறது என்று பொருள். உடனே இறக்கி, மார்பு தரையில் படும்படி உட்கார வைத்து, தலையை உடம்பைவிட உயரமாகவும் மூக்கு நுனி கீழ்நோக்கியும் இருக்கும்படி ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். வழிவது வெளியே வழிந்து போகட்டும். தலை தாங்குபவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

### திடீரென்று உதைக்கத் தொடங்கினால்

கண்கட்டைச் சரிபாருங்கள், பெரும்பாலும் அது நழுவியிருக்கும். துணி கண்களை மூடி மூக்கை விட்டிருக்க வேண்டும். அடுத்து சத்தம். வண்டியின் ஹாரன், கைப்பேசி, பேச்சு மூன்றையும் நிறுத்துங்கள். மூன்றாவதாக, கால்களைக் கட்டிய கயிறு மெல்லியதாக இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய நைலான் கயிறு தோலை அறுக்கும். மடித்த துணிப்பட்டையால் மட்டுமே கட்ட வேண்டும். இம்மூன்றும் சரியாக இருந்தும் திமிறினால், மான் தப்பிக்கும் வலிமையோடு இருக்கிறது. உடன் இருக்கும் மருத்துவரோ வனக்காவலரோ சொன்னால் அங்கேயே விட்டுவிடுவதுகூடச் சரியான முடிவாகலாம்.

### உதைப்பது நின்று, உடம்பு அனலாகச் சுட்டால்

அமைதியாகிவிட்டது என்று மகிழாதீர்கள். நிழலில் நிறுத்தி, தார்ப்பாயை விலக்கி, தொடையிடுக்கிலும் கால்களிலும் நீர் சொரிந்து, மருத்துவரை அங்கேயே வரவழையுங்கள். மலக்குடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. இந்தக் காரணத்தால், கோடையில் கட்டாயம் இல்லாவிட்டால், காலை ஒன்பதுக்குப் பிறகும் மாலை ஐந்துக்கு முன்பும் மானை இடம்மாற்றுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

### தூக்குபவர்களுக்கு முடியவில்லை என்றால்

பெண் புள்ளிமான் 40 முதல் 60 கிலோ, வளர்ந்த ஆண் 70 முதல் 90 கிலோ இருக்கும். வெளிமான் இதைவிட இலகு. நாலு பேர் தார்ப்பாயின் நாலு மூலையைப் பிடித்தால் ஆளுக்கு இருபது கிலோதான். ஆனால் தார்ப்பாய் நடுவில் தொய்ந்து மான் பந்துபோல் சுருண்டு மூச்சுத் திணறும். இரு நீளப் பக்கங்களிலும் மூங்கில் கழியை வைத்துத் தார்ப்பாயை மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்தால் தொய்வு நின்றுவிடும். ஐம்பதடிக்கு ஒருமுறை கீழே வைத்து, ஆள் மாறித் தூக்குங்கள். மருத்துவமனை சேர்க்கும் வண்டியாகக் ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டி வந்தால், தளத்தில் வைக்கோலோ கோணியோ பரப்பி, பக்கங்களைத் துணியால் மறைத்து, மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். வேளச்சேரிச் சாலையின் வேகத்தடைகள் ஒவ்வொன்றும் முறிந்த எலும்பில் விழும் அடி.

## அறிகுறி 7: இறந்து கிடக்கிறது

### முதல் சோதனை: இரத்தம்

கிட்டே போகும் முன், மூக்கு, வாய், மலவாய் ஆகியவற்றைப் பாருங்கள். அங்கிருந்து கறுத்த, உறையாத இரத்தம் கசிந்து, வயிறு வேகமாக உப்பி, உடல் விறைக்காமல் தொளதொளவென்று கிடந்தால், அது அடைப்பான் நோயாக இருக்கக்கூடும். ஆந்த்ராக்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இழுக்காதீர்கள், புரட்டாதீர்கள், எக்காரணம் கொண்டும் உடலை அறுக்க விடாதீர்கள். காற்றுப் பட்டால் அந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் தங்கிவிடும். நாய், காகம் நெருங்காமல் தடுத்து, வனத்துறைக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் தெரிவித்துவிட்டு, மிதித்த செருப்பைக்கூடத் தனியாக வையுங்கள். இந்த நிலைமையில் உங்கள் வேலை இத்தோடு முடிந்தது.

### இரத்தக் கசிவு இல்லையென்றால்

அப்போதும் அனுமதி வரும்வரை நகர்த்தக் கூடாது. இறந்த காட்டு விலங்கு அரசின் உடைமை. நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்து, நேரத்தைக் குறித்து வையுங்கள். சட்டவிரோத வலையோ கண்ணியோ காரணமாக இருந்தால் அந்தப் படங்களே சாட்சி. கொம்பையோ தோலையோ எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். தானாக உதிர்ந்த கொம்பை நினைவுப்பொருளாக வீட்டில் வைத்துக்கொள்வதும் குற்றம்தான் என்பதைப் புதிதாக வரும் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

### அனுமதி வந்தும் இழுக்க முடியவில்லை என்றால்

கால்கள் நாலும் நாலு திசையில் விறைத்து நின்று ஒவ்வொரு செடியிலும் மாட்டுவதுதான் மிக எளிய காரணம். இறந்த சில மணி நேரத்தில் விறைப்பு வந்துவிடும். அதற்கு முன்பே அனுமதி கிடைத்தால், முன்னங்கால்களை மார்போடும் பின்னங்கால்களை வயிற்றோடும் மடக்கித் துணியால் கட்டிவிடுங்கள். விறைத்த பிறகு மடக்க முயன்றால் எலும்பு முறியும், உடற்கூராய்வில் குழப்பம் வரும்.

அடுத்த காரணம், இழுக்கும் திசை. பின்னங்காலைப் பிடித்து இழுத்தால் மயிர் எதிர்த்து நிமிர்ந்து தரையைக் கவ்வும், கொம்பும் வேரில் மாட்டும். தலை முன்னால் வரும்படி இழுத்தால் மயிர் படிந்து உடல் வழுக்கிக்கொண்டு வரும். வேட்டைக்காரர்கள் தலைமுறைகளாக அறிந்த இதை நாங்கள் மூன்று மான்களுக்குப் பிறகே கற்றோம். உடலை நேரடியாகத் தரையில் இழுக்காமல் தார்ப்பாய்மேல் புரட்டி வைத்து, தலைப்பக்க ஓரத்தில் கயிறு கட்டி இழுப்பது இன்னும் நல்லது, காயங்கள் சிதையாது.

மூன்றாவது, முள். ஒரு மே மாதப் பிற்பகலில், சீமைக்கருவேலத்துக்கு நடுவே கிடந்த மானை இழுத்தபோது, பாதி வழியில் தார்ப்பாய் நெடுக்காகக் கிழிந்தது. ஈக்கள் முகத்தில் அப்பிக்கொண்டன. நாற்றம் தொண்டையில் இறங்கியது. கிழிந்த இடத்தில் வெட்டிய முட்கட்டை ஒன்று தரையிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர் காலையில் வழியைச் சீர்செய்தபோது கிளைகளை வெட்டியிருந்தார், ஆனால் கட்டைகளைத் தரையோடு வெட்டவில்லை. அன்றிலிருந்து எங்கள் வழி பார்ப்பவர் கையில் அரிவாளோடு மண்வெட்டியும் இருக்கிறது.

மழை பெய்து தரை சேறாக இருந்தால் இழுப்பது எளிது, நடப்பது கடினம். அப்போது முன்னால் இருவர் இழுக்க, பின்னால் ஒருவர் கயிறு பிடித்துச் சரிவில் தடுக்க வேண்டும்.

உடல் குளிரத் தொடங்கியதும் உண்ணிகள் அதைவிட்டு வெளியேறி அருகில் இருப்பவர்மேல் ஏறும். முழுக்கைச் சட்டை அணிந்து, காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் காதுக்குப் பின்புறமும் அக்குளும் பாருங்கள்.

### தொழில்முறையினர் எங்கே தேவை

உடற்கூராய்வைக் கால்நடை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும். 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னையில் வேப்பேரியில் இருப்பது நமக்கு வாய்த்த வசதி. புதைப்பதோ எரிப்பதோ வனத்துறை அலுவலர் முன்னிலையில் நடக்க வேண்டும். புதைப்பதென்றால் ஆறடி ஆழம், சுண்ணாம்பு, மேலே கனமான கல். ஆழம் குறைந்தால் அன்றிரவே நாய்கள் தோண்டிவிடும்.

உடல் கிடந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் தூவி, தார்ப்பாயைக் கழுவி வெயிலில் இரு பக்கமும் காய வைத்து, கிழிந்திருந்தால் அன்றே மாற்று வாங்கி, சாக்கில் பழையபடி கட்டி வையுங்கள். கைலிகளையும் துவைத்து வையுங்கள். எங்கள் கிடங்கில் சாக்கின்மேல் கடைசியாகச் சரிபார்த்த தேதியை எழுதிக் கட்டியிருக்கிறோம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை இரவுக் காவலரே அதைப் பிரித்துப் பார்த்துப் புதிய தேதியைப் போடுகிறார்.